கப்பலைக் குறி வைத்தவன்

தங்கச்சி ஜெசி கொழும்பு பஸ்ஸால் இறங்கியதும் முதலில் கேட்டது, "கொப்பி எங்கை?" என்றுதான்.

இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு சந்திக்கிறோம். என்ன சொல்ல வேண்டும் என்று நான் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நின்று மூன்று தரம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். அது தேவைப்படவில்லை. பையில் சுற்றி வைத்திருந்த கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"மீன் மணக்குது."

"நான் ஐஸ் கொம்பனியிலை வேலை," என்றேன்.

டென்மார்க்கிலிருந்து வந்தவளோடு நான் கதைத்த முதல் வசனம் அது.

கொப்பி என்னுடையது. ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது, ஓகஸ்ட் விடுமுறையில் நாளுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து அப்பாவின் வள்ளத்து இயந்திரம் பழுதாகித் திருத்தக் கொடுத்த இடத்தில் கிடந்தது. கடலுக்குப் போகாத அப்பா வீட்டில் இருந்து எல்லோரையும் ஏசினார். ஆள் இல்லாத நேரம் கோழிகளை ஏசினார். அம்மாதான், "வாங்கோ, ஊர் பாக்கப் போவம்" என்றார். குருநகரில் எங்கள் ஆட்கள் அந்த நாளில் ஊர் பார்க்கப் போவதில்லை. மடுத் திருநாளுக்குப் போவோம், கலியாணத்துக்குப் போவோம், செத்த வீட்டுக்குப் போவோம். சும்மா பார்ப்பதற்கென்று எங்கள் குடும்பம் போனது அதுதான் முதலும் கடைசியும். மூன்று நாள், மூன்று பக்கம். அடுத்த தையில் நான் பள்ளிக்கூடத்தை விட்டு வள்ளத்தில் ஏறிவிட்டேன். ஜெசிக்கு அப்போது நாலு வயது. அவளுக்கு அந்தப் பயணத்தில் ஒன்றும் நினைவில்லை. அண்மையில்தான் மூன்று பக்கத்தையும் படமெடுத்து அவளுக்கு அனுப்பியிருந்தேன்.

கொப்பி தப்பியதற்கு என் எழுத்து காரணம் இல்லை. அதன் பின்மட்டையில் அரிசி, மா வாங்கும் எங்கள் கூப்பன் அட்டை இலக்கம் எழுதியிருந்தது. அதனால் அம்மா அதைப் பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே பையில் வைத்திருந்தார். சண்டைக்குப் பயந்து நாங்கள் ஓடிய ஒவ்வொரு முறையும் அந்தப் பையும் ஓடியது. படங்கள் வேறு பெட்டியில் இருந்தன. அந்தப் பெட்டி ஓடவில்லை.

அம்மா வன்னியில் இறந்தார். அடக்கிய இடம் இன்று தெரியாது. அதற்கு முன்பே இறந்த அப்பாவுக்கு ஊர்ச் சேமக்காலையில் கல்லறை இருக்கிறது. நவம்பர் இரண்டாம் திகதி எங்கள் ஆட்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்துவார்கள். கல்லறை இல்லாதவர்களுக்கு நடுவில் நிற்கும் பெரிய குருசடியில் கொளுத்தலாம். அம்மாவுக்கு நான் வருடாவருடம் அப்படித்தான் செய்து வந்தேன். ஜெசிக்கு அது போதவில்லை.

"அந்தக் குருசடியிலை எல்லாற்றை அம்மாவுக்கும் கொளுத்துறாங்கள்," என்று தொலைபேசியில் சொன்னாள். "நான் இங்கை ஆரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவியின்ரை கல்லறையிலை கொளுத்திக்கொண்டு நிக்கிறன். அவவின்ரை பேரையும் சரியாச் சொல்லத் தெரியாது. எனக்கு எங்கடை அம்மா இருந்த இடம் ஒண்டு வேணும். கொப்பியிலை மூண்டாம் பக்கம் இருக்கெல்லே? அம்மா இருந்து சாப்பிட்ட இடம். வாற மாதம் வாறன். அதிலை கொளுத்துவம்."

"ஓம்," என்றேன். அந்த ஓம் பிழை.

மூன்றாம் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: "இன்று கடலுக்குக் கிட்டச் சாப்பிட்டோம். அப்பா சோறு போட்டார். அம்மா இருந்து முதல் சாப்பிட்டா. கோயில் கோபுரமும் சீமெந்துக் கட்டடமும் ஒரு கோடு. வெளிச்சவீடும் சிவப்புப் புகைக்கூடும் ஒரு கோடு." கீழே ஆசிரியையின் சிவப்பு மை: "இடத்தின் பெயர் எழுதவும்." மூன்று பக்கத்திலும் அதே சிவப்பு மை, அதே வசனம்.

கடலில் தெருப்பலகை இல்லை. வலை போட்ட இடத்தை மறுபடி பிடிக்க வேண்டுமென்றால், கரையில் தெரியும் இரண்டு பொருட்களை ஒன்றின் பின் ஒன்றாக நேருக்கு வரப் பார்ப்போம். அது ஒரு கோடு. வேறு பக்கத்தில் வேறு இரண்டு பொருட்கள். அது மற்றக் கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் வள்ளம் நிற்கும். அதைக் குறி என்போம். குறியை ஒருவருக்கும் சொல்லக்கூடாது. சொன்னால் மறுநாள் அங்கே பத்து வள்ளம் நிற்கும். கடலுக்குப் போகாத அப்பா அந்தக் கிழமை முழுக்க எனக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே நானும் எழுதினேன்.

பிழை எங்கே என்றால், அந்தச் சிவப்புப் புகைக்கூடு காங்கேசன்துறையில் சீமெந்து ஏற்ற வந்து நின்ற கப்பலின் புகைக்கூடு. குறி பார்க்கப் பழகும் எல்லோரும் ஒருமுறையாவது ஓடுகிற பொருளைக் குறி வைத்து ஏச்சு வாங்குவார்கள். நான் வாங்கியது கொஞ்சம் கூடுதல். அன்று பின்னேரம் நான் வாசித்துக் காட்டியதும் அப்பா, "டேய், கப்பலைக் குறி வைச்சவனே!" என்று கத்தினார். பிறகு வள்ளத்தில் என் பெயரே அதுதான்.

ஜெசி அதைத் தொழிற்சாலைப் புகைக்கூடு என்று நினைத்துவிட்டாள். நான் திருத்தவில்லை.

கொப்பியில் உள்ளபடியே மூன்று நாளும் போக வேண்டும் என்றாள் ஜெசி. முதல் நாள் நிலாவரைக்குப் போனோம். எங்களைக் கொண்டுபோனவர் குலம். தெல்லிப்பழை ஆள். இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் எங்கள் ஒழுங்கையில் பத்து வருடம் இருந்தவர். இப்போது தன் ஊருக்குத் திரும்பி வெங்காயம் வைக்கிறார், மிச்ச நேரத்தில் ஓட்டோ ஓடுகிறார். அவருக்கு வாய் ஓயாது. எனக்கு அது வசதி.

"அண்ணை, மூண்டு நாளும் என்னட்டை மீன் கடை கேக்கக் கூடாது. கந்தசட்டி. நான் விரதம்."

"நீங்கள்தானே விரதம்? நாங்கள் இல்லையே," என்றாள் ஜெசி.

"என்ரை ஓட்டோவும் விரதம், அக்கா."

கோப்பாய் தாண்டியதும் மண் சிவந்துவிடும். எனக்கு அதற்கு அப்பால் எல்லாம் வெளிநாடு மாதிரித்தான். எங்கள் பக்கம் நிலம் என்றால் வலை காயப்போடும் இடம். இங்கே ஒரு சாண் மண்ணையும் சும்மா விடவில்லை. மழைக்கு முன்னால் நட்ட வெங்காயம் பாத்தி பாத்தியாக நின்றது. ஒருவர் குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் வந்தபோதும் அதே பாத்தி, போனபோதும் அதே பாத்தி. கடலில் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்றால் முதலாளி ஏசுவார்.

நிலாவரைக் கிணறு பற்றிக் கொப்பி சொல்வது: "கிணற்றுக்கு அடி இல்லை என்றார்கள். அப்பா நம்பவில்லை. கயிறு கேட்டார். ஒருவரும் கொடுக்கவில்லை. அம்மா சிரித்தா." அது எனக்கு நினைவிருக்கிறது. எத்தனை பாகம் ஆழம் என்று கயிற்றில் ஈயம் கட்டி இறக்கிப் பார்க்கப்போவதாக அப்பா நின்றார். அங்கே நின்ற ஆட்கள் அவரைப் பார்த்த விதமும் நினைவிருக்கிறது.

"இதுக்குள்ளை தேசிக்காயைப் போட்டா கீரிமலையிலை மிதக்குமாம், அக்கா," என்றார் குலம்.

"ஆர் போட்டுப் பாத்தது?"

"சனம் சொல்லும்."

"போட்டவர் இங்கை நிண்டா, கீரிமலையிலை நிண்டு பாத்தவர் ஆர்?"

குலம் என்னைப் பார்த்தார். நான் கிணற்றைப் பார்த்தேன். அப்பா இருந்திருந்தால் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார், கொஞ்சம் கூடச் சத்தமாக.

"அம்மா எந்தப் பக்கம் நிண்டவ?" என்று ஜெசி கேட்டாள். எனக்குத் தெரியாது. ஒரு படியைக் கை காட்டினேன். அவள் அந்தப் படியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சையாக, அசையாமல் கிடந்தது. அசையாத தண்ணீர் எனக்குப் பழக்கம் இல்லை.

மத்தியானம் குலம் கொண்டுபோன கடையில் பூசணிக்காய், பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த மோர்மிளகாய். நல்ல சாப்பாடு. ஆனால் சாப்பிட்டு முடிந்த பிறகும் கை எதையோ தேடியது.

இரண்டாம் நாள் மழை. கொப்பியின் இரண்டாம் பக்கத்தில் இருப்பது மணல்காட்டு மணல் மேடு: "தங்கச்சி உருண்டாள். வாய்க்குள் மண். இரவு கரவெட்டியில் கருவாட்டு மாமி வீட்டில் படுத்தோம்." கருவாட்டு மாமி என்பது அம்மாவிடம் கருவாடு வாங்கி வெங்காயம் கொடுத்துவிடும் ஒரு தோட்டக்காரப் பெண். அவருடைய சரியான பெயர் எனக்கு அன்றைக்கும் தெரியாது. கரவெட்டியில் இறங்கிக் கேட்டால், "எந்த மாமி?" என்று திருப்பிக் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் குடைக்குள் நின்றார்கள். நாங்கள் நனைந்தோம்.

நெல்லியடிக்குக் கிட்ட வீதியில் வெள்ளம் நின்றது. முன்னால் போன உழவு இயந்திரம் தாண்டிவிட்டதைப் பார்த்துக் குலமும் விட்டார். நடுவில் ஓட்டோ இரண்டு தரம் இருமி நின்றது.

"என்னண்ணை, உங்கடை ஓட்டோ விரதம் முறிச்சிட்டுது போல. தண்ணி குடிச்சிட்டுது," என்றாள் ஜெசி.

"இறங்கித் தள்ளுங்கோ அக்கா, பிறகு பகிடி விடலாம்."

தள்ளினோம். அவளுடைய வெள்ளைச் சப்பாத்து சிவப்பாகியது. ஓட்டோவைத் திருத்தக் கராச்சில் விட்டுவிட்டுக் குலம் அங்கேயே நின்றார். நாங்கள் தேநீர்க் கடையில் சூடான உழுந்து வடை சாப்பிட்டுவிட்டு யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறினோம். மணல்காட்டுக்குப் போகவில்லை.

பஸ்ஸில் இடம் இல்லை. ஜெசிக்கு மட்டும் ஒரு வயதான பெண் தள்ளி இடம் கொடுத்தார். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் விடவில்லை.

"எந்த நாட்டிலை இருந்து பிள்ளை?"

"டென்மார்க்."

"எத்தினை பிள்ளையள்?"

"ஒரு பெடியன். தமிழ் விளங்கும், கதைக்கமாட்டான்."

"அவர் வரேல்லையோ?"

"நாங்கள் ஏழு வருசமா ஒண்டா இல்லை."

"அட. அது நல்லதுக்குத்தான் இருக்கும். என்ன வேலை?"

"வயது போனாக்களைப் பாக்கிற வீட்டிலை. குளிக்கவாக்கிறது, சாப்பாடு தீத்திறது."

"அப்ப பெத்த தாயை ஆர் பாத்தது?"

"அண்ணை பாத்தவர்," என்றாள் ஜெசி.

ஏழு வருடமாக அவள் கணவரோடு இல்லை என்பதையும், என்ன வேலை செய்கிறாள் என்பதையும் நான் அந்தப் பஸ்ஸில்தான் அறிந்தேன். எங்கள் தொலைபேசிக் கதை எப்போதும் "சாப்பிட்டியோ", "அங்கை குளிரோ" என்பதோடு முடிந்துவிடும். நடத்துனர், "பின்னுக்கு நிக்கிற அண்ணை, உள்ளுக்கு வாங்கோ" என்று மூன்று தரம் கூப்பிட்டார். நான் உள்ளுக்குப் போகவில்லை.

அன்று பின்னேரம் புகைக்கூட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று அவள் இருந்த கதிரைக்குப் பக்கத்தில் போனேன். அவள் சப்பாத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு வெயில் வரும்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் நவம்பர் இரண்டு. காலை சேமக்காலைக்குப் போனோம். அப்பாவின் கல்லறைக்கு நான் முன்கூட்டியே வெள்ளையடித்திருந்தேன். ஜெசி மெழுகுதிரி கொளுத்தினாள். சுவாமியார் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனார். பெரிய குருசடியில் கூட்டம். ஜெசி அங்கே போகவில்லை. பெட்டியில் மிச்சம் பன்னிரண்டு மெழுகுதிரி இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள். குலம் வழியில் நாலு பார்சல் சோறு வாங்கினார், ஒன்று ஓட்டோவுக்கு என்றார்.

நான் சொன்னபடி வெயில்தான். ஆனால் காங்கேசன்துறைப் பக்கம், வடக்குக் கரையில் காற்று. எங்கள் பக்கக் கடல் குளம் மாதிரி, இடுப்பளவு தண்ணீரில் ஒரு மைல் நடக்கலாம். இங்கே கடல் கரையோடு சண்டை பிடிக்கும். கரை ஓரமாக உடைந்த வீடுகள், அவற்றுக்கு நடுவில் புதிய வீடுகள், இன்னும் இராணுவத்தின் முள்ளுக்கம்பி நிற்கும் சில இடங்கள். ஓட்டோவை விட்டு இறங்கி நான் முன்னால் நடந்தேன். கோயில் கோபுரத்தைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். இடம் மாறவில்லை. சீமெந்துத் தொழிற்சாலையின் உயர்ந்த கட்டடம் வெறும் கூடாக நின்றது. நான் நடக்க நடக்க அந்தக் கட்டடம் கோபுரத்துக்குப் பின்னால் மெல்ல மெல்ல வந்தது. ஒரு தோட்டக்காணியின் வேலியருகில் இரண்டும் ஒன்றாயின. நின்றேன்.

"இதுதான் முதல் கோடு."

ஜெசி என் தோளோடு தலையை வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "நேர் கோடு!" என்று துள்ளினாள். ஐம்பதுக்குக் கிட்ட வந்தவள். "வெளிச்சவீடு அந்தா. புகைக்கூடு எங்கை?"

"இடிச்சுப்போட்டாங்கள் போல," என்றார் குலம்.

நான் கோட்டின் மேலேயே காணிக்குள் இறங்கிக் காலால் எண்ணிக்கொண்டு நடந்தேன். எதற்கு எண்ணினேன் என்று எனக்கே தெரியாது. ஏதாவது செய்துகொண்டிருந்தால் கேட்கமாட்டாள் என்று நினைத்திருப்பேன்.

"நில்லுங்கோ! ஆரைக் கேட்டு அளக்கிறியள்?"

கிணற்றடியிலிருந்து ஓர் அம்மா மண்வெட்டியோடு வந்தார். அறுபது வயதுக்கு மேல். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தார்.

"அளக்கேல்லை," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அப்ப ஏன் கால் எண்ணுறியள்? முந்தியும் ரண்டு பேர் வந்து உப்பிடித்தான் எண்ணினவை. அடுத்த கிழமை நாலு கட்டை அடிச்சுக் கிடந்தது. ஊர் ஊரா அலைஞ்சிட்டு வந்து இப்பதான் கல்லுப் பொறுக்கி முடிச்சனான்."

"அக்கா, நானும் பக்கத்திலை தெல்லிப்பழைதான்…" என்று குலம் தொடங்கினார்.

"அப்ப நீதான் காட்டிக்கொண்டு வந்தனியோ?"

மூன்று நாளில் முதல் தடவையாகக் குலம் வாயை மூடினார்.

ஜெசி முன்னுக்கு வந்தாள். "அம்மா, கோவிக்காதையுங்கோ. எங்கடை அம்மா இருந்த இடத்தைத் தேடி வந்தனாங்கள்."

"உங்கடை அம்மாவுக்கு இதிலை காணியோ? காணி எழுதின உறுதி இருக்கோ?"

"உறுதி இல்லை. இதிலை எழுதிக் கிடக்கு," என்று ஜெசி கொப்பியை நீட்டினாள். நீட்டியிருக்கக்கூடாது. அந்த அம்மா கொப்பியைத் தூரப் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தார். கோபுரமும் கட்டடமும் ஒரு கோடு. வெளிச்சவீடும் புகைக்கூடும் ஒரு கோடு. அவருடைய முகம் வெளிறியது.

"எல்லையே எழுதி வைச்சிருக்கிறியள்! சிவத்த மையாலை கையெழுத்தும் கிடக்கு. பேரை எழுதட்டாமெண்டும் சொல்லிக் கிடக்கு. பொம்பிளை தனியா இருக்கிறாள் எண்டு பாத்தோ வந்தனியள்?"

ஜெசி என்னைப் பார்த்தாள். குலம் என்னைப் பார்த்தார். வேறு ஆள் இல்லை.

"அது உறுதி இல்லையம்மா," என்றேன். "அது நான் ஐஞ்சாம் வகுப்பிலை எழுதினது. நாங்கள் குருநகர். அண்டைக்குச் சும்மா ஊர் பாக்க வந்தனாங்கள். இந்தக் கரையிலை இருந்து சோறு சாப்பிட்டனாங்கள். அம்மா வீட்டிலை ஒருநாளும் இருந்து சாப்பிட்டதை நான் காணேல்லை. எங்களுக்குப் போட்டிட்டு, சட்டியை வழிச்சு, நிண்டபடி சாப்பிடுவா. அண்டைக்கு அப்பா அவவை இருக்கச் சொல்லிப்போட்டு, தானே போட்டவர். அதாலை இடத்தைக் குறிச்சு வைச்சனான். அம்மாவுக்குக் கல்லறை இல்லை. இதிலை ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டுப் போறதுக்கு இவள் டென்மார்க்கிலை இருந்து வந்தவள்."

நான் ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்ததை ஜெசி கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்த அம்மா மண்வெட்டியை மண்ணில் ஊன்றினார். "அப்ப அந்த இடம் எது? காட்டுங்கோ. கொளுத்திப்போட்டுப் போங்கோ."

"காட்டேலாது."

"ஏன்?"

"இந்தக் கோடு சரி. மற்றக் கோட்டிலை எழுதின புகைக்கூடு, கப்பலின்ரை."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கப்பலையே?" என்றார். ஜெசி சிரிக்கவில்லை.

"எப்ப இருந்து உனக்குத் தெரியும்?"

"அண்டைக்கே. அப்பா ஏசினவர். கப்பலைக் குறி வைச்சவன் எண்டுதான் வள்ளத்திலை எல்லாரும் கூப்பிட்டவை."

"நான் ரிக்கற் போட முதலே தெரியும்?"

"ஓம்."

"ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"சொன்னா நீ வந்திருக்கமாட்டாய்."

மற்றதையும் சொல்லிவிட்டால் நல்லது என்று பட்டது. "வன்னியிலையும் அப்பிடித்தான். அம்மாவைத் தாட்ட இடத்தை, றோட்டிலை கவிண்டு கிடந்த ஒரு பஸ்ஸையும் பாலை மரத்தையும் வைச்சுக் குறிச்சனான். பிறகு போனன். பஸ்ஸை இரும்புக்கு ஏத்திப்போட்டாங்கள். மரத்தையும் தறிச்சிட்டாங்கள்."

ஜெசி கொப்பியை வாங்கிக்கொண்டு கடல் பக்கம் நடந்தாள். வரம்பின் முடிவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். குலம் ஒரு வெங்காயத் தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன பசளை போட்டனீங்கள்?" என்று அந்த அம்மாவைக் கேட்டார். அவர் பதில் சொன்னார். இரண்டு பேரும் பசளையைப் பற்றியும் விதை வெங்காயத்தைப் பற்றியும் கொஞ்ச நேரம் கதைத்தார்கள். தோட்டக்காரர் அப்படித்தான் போல.

ஜெசி திரும்பி வந்தபோது முகம் காய்ந்திருந்தது.

"வலை துலைஞ்சு, ஒரு கோடுதான் மிஞ்சிச்சுதெண்டா என்ன செய்வியள்?"

"அந்தக் கோடு முழுக்கக் கொழுக்கி போட்டு இழுப்பம். எங்கையோ ஒரு இடத்திலை மாட்டும்."

"அப்ப இழு."

பெட்டியைத் திறந்து பன்னிரண்டு மெழுகுதிரியையும் என் கையில் தந்தாள்.

அந்த அம்மா, "வெங்காயத்தை மிதியாமல் வரம்பிலை வையுங்கோ," என்றார். முதல் மெழுகுதிரியைக் காற்று அணைத்தது. இரண்டாவதையும் அணைத்தது. அவர் ஏசிக்கொண்டு வீட்டுக்குள் போய் ஒரு கடகம் நிறையத் தேங்காய்ச் சிரட்டை கொண்டுவந்தார். கடற்கரையிலிருந்து வேலி வரைக்கும், பதினைந்து காலடிக்கு ஒன்றாக, சிரட்டைக்குள் மெழுகுதிரியை நிறுத்தினோம். ஒவ்வொன்றுக்கும் நான் திரும்பிக் கோபுரத்தையும் கட்டடத்தையும் பார்த்து நேரை எடுத்தேன். ஜெசி கொளுத்தினாள். குலம் இரண்டு கையாலும் காற்றை மறைத்தார்.

"கந்தசட்டி விரதகாரன் வேதக்காரற்றை மெழுகுதிரியைக் காவல் காக்கிறன். முருகன் கேட்டா நீங்கள்தான் பதில் சொல்ல வேணும், அக்கா."

பகல் மூன்று மணி வெயிலில் மெழுகுதிரிச் சுடர் கண்ணுக்குத் தெரியாது. கிட்டப் போய்க் குனிந்தால்தான் எரிகிறதா என்று தெரியும். ஜெசி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனாள். ஒன்பதாவதோ பத்தாவதோ சிரட்டைக்குப் பக்கத்தில் கொஞ்சம் கூட நேரம் நின்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பிறகு பார்சலைப் பிரித்தேன். எல்லோருக்கும் பசி. அந்த அம்மா கிணற்றடி வாழையில் இலை வெட்டித் தந்தார், தான் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். குலம் விரதம் முறிக்கும் நேரம் ஆகவில்லை என்று தன் பார்சலைத் தொடவில்லை. ஓட்டோவின் பார்சலையும் தொடவில்லை.

"இரு," என்று ஜெசியிடம் சொன்னேன்.

"சேந்து சாப்பிடுவம், வா."

"இரு."

வரம்பில் இருந்தாள். நான் சோறு போட்டேன். அவள் முதல் சாப்பிட்டாள்.

கொஞ்ச நேரம் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டுவிட்டு, நிமிராமலே சொன்னாள்: "டேய், கப்பலைக் குறி வைச்சவனே. இன்னும் கொஞ்சம் பருப்பு போடு."

போட்டேன்.

வெளிக்கிடும்போது அந்த அம்மாவிடம் காணியின் பெயரைக் கேட்டேன். எங்கள் பக்கத்தில் வள்ளத்துக்குப் பெயர் வைப்பது போல, இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு காணித் துண்டுக்கும் உறுதியில் ஒரு பெயர் இருக்கிறது. அவர் ஒரு கணம் யோசித்தார். என் கையில் கொப்பியும் பேனாவும் இருப்பதைப் பார்த்தார். பிறகு சொன்னார். மூன்றாம் பக்கத்தில், ஆசிரியையின் சிவப்பு மைக்குக் கீழே அதை எழுதினேன். ஜெசி எழுத்துப் பிழை பார்த்தாள். பிழை இல்லை என்றாள்.

குறியை ஊருக்குச் சொல்லக்கூடாது. ஆகவே அந்தப் பெயரை இங்கே நான் எழுதவில்லை.